முன் ரிம் ரெண்டும் மூனே நாள்ல கறுத்துப் போகுது, பிரேக் பேட் மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, எனக்கு ஹட்டன்ல வேலை, வீடு பொகவந்தலாவ பக்கம், மாசத்துக்கு ரெண்டு மூனு தரம் கொழும்புக்கும் போய் வாறது. வண்டி ரீகண்டிஷனா எடுத்த வேகன் ஆர் ஸ்டிங்ரே. முன் அலோய் ரிம் ரெண்டும் கழுவி மூனு நாள்ல அடுப்புக் கரி பூசின மாதிரி ஆயிடுது, பின்னாடி ரெண்டும் பளிச்சுனு இருக்கு. கராஜ்ல கேட்டா பேட் சரியில்ல செராமிக் போடணும், டிஸ்க் ரெண்டையும் லேத்துல குடுத்துச் சீவணும், தூசி வெளிய வராம உள்ளுக்கு ஒரு தகடும் அடிச்சுத் தாறோம்னு சொல்றாங்க. செய்யலாமா? பின் பிரேக் வேலையே செய்யலையோன்னும் ஒரு பயம்.

பதில்: தம்பி, மொதல்ல அந்தத் தகடு அடிக்கிற வேலைய வேணாம்னு சொல்லிடுங்க, மத்தத பிறகு பேசலாம்.

அந்தக் கறுப்பு எங்கருந்து வருதுன்னா, நீங்க பிரேக் மிதிக்கிறப்ப பேட் ரெண்டும் டிஸ்க்க ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்குது, பிடிக்கிறப்ப பேட்டும் தேயும் டிஸ்க்கும் தேயும், டிஸ்க் வார்ப்பிரும்பு, சாதாரண பேட்டுக்குள்ளயும் இரும்பு நார், தூள் எல்லாம் கலந்திருக்கு, அதெல்லாம் சூட்டோட பறந்து ரிம்முல ஒட்டிக்குது. ராத்திரி பனி விழுந்து ஈரமாச்சுன்னா அந்த இரும்பு துருப்பிடிச்சு பெயின்டோட சேர்ந்து கெட்டியாயிடும், அதுதான் உத்துப் பாத்தா செம்மஞ்சள் புள்ளி புள்ளியா தெரியுறது. நம்ம பக்கத்துல வருஷத்துல பாதி நாள் மூடுபனியும் மழையும், அதனால கொழும்பு வண்டிய விட நம்ம வண்டியில சீக்கிரம் ஏறும். முன் வீல்ல கூட வரக் காரணம், பிரேக் பிடிக்கிறப்ப வண்டிப் பாரம் முன்னாடி சாயும், வேலையில பெரும்பங்கு முன் பிரேக் தான் செய்யுது. ஆக ரெண்டு முன் ரிம்மும் ஒரே அளவா கறுத்தா அது வருத்தமும் இல்ல பழுதும் இல்ல.

ஆனா மூனு நாள்ங்கிறது கொஞ்சம் ஜாஸ்தி தான். அதுக்கு பேட்ட விட ஓட்டுற விதத்தத்தான் நான் சந்தேகப்படுவேன். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல இருக்கு, அங்கருந்து கினிகத்தேனை, கித்துல்கலைன்னு அவிசாவளை வரைக்கும் எறங்குறீங்க, ஆளோட சேத்து ஒரு டன் கிட்ட வார வண்டிய பிரேக்காலயே பிடிச்சுப் பிடிச்சு எறக்குனா அவ்வளவும் சூடாத்தான் மாறணும், அந்தச் சூட்டுல பேட் தூளாகாம என்ன செய்யும். ஓட்டோ கியர டி-யில போட்டபடியே எறங்குறீங்களா இல்லையான்னு ஒரு தரம் கவனிங்க. எறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னுக்கே எல், இல்லன்னா எஸ் போட்டுடுங்க, எஞ்சின் கொஞ்சம் சத்தமாக் கத்தும், கத்தட்டும், ஒன்னும் கெட்டுப் போகாது. பிரேக்க லேசா மிதிச்சு கால எடுக்காமலே போறது தான் மகா கெடுதி. வளைவுக்கு முன்ன ஒரு தரம் நல்லா மிதிச்சு வேகத்தக் குறைச்சு கால எடுத்துடணும், அப்பத்தான் டிஸ்க்குக்கு ஆறுறதுக்கு நேரம் கிடைக்கும்.

டொயோட்டா ஹைபிரிட் வச்சிருக்கவங்களுக்கும் இதுதான், அதுல கியர் லீவர்ல பி-ன்னு ஒன்னு இருக்கு. தட்டையான ரோட்டுல மோட்டரே பாதி பிரேக் வேலையச் செஞ்சு பேட்டரிய ஏத்திக்கும், ஆனா றம்பொடை மாதிரி நீள எறக்கத்துல பேட்டரி நெறைஞ்சதும் அந்த உதவி போயிடும், அங்க பி போட்டா எஞ்சின் பிடிச்சுக்கும்.

இத வண்டி ஓட்டப் பழக்குற லேனர்ஸ்ல ஒரு ஆளும் சொல்லிக் குடுக்கிறதில்ல. தட்டையான எடத்துல ஓட்ட வச்சு, ட்ரயல் பாஸ் ஆக்கி, அடுத்த வாரம் இந்த மலையில எறக்கி விட்டுடுறாங்க. வருஷா வருஷம் லைசன்ஸ் எடுக்க புகை டெஸ்ட் மட்டும் கட்டாயம், சைலன்சருக்குள்ள குழாய விட்டுப் பாத்து துண்டு எழுதித் தருவாங்க, அந்தக் காருக்கு பிரேக் இருக்கா இல்லையான்னு பாக்க ஒருத்தரும் இல்ல. ஐரோப்பாவுல பிரேக் தூசிக்கே அளவு போட்டாச்சு, யூரோ 7 சட்டத்துல பெட்ரோல், டீசல், ஹைபிரிட் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், 2026 நவம்பர் கடைசியிலருந்து புது மாடல்களுக்கு அமுலாகுது. நம்ம ஊர்ல தூசிய விடுங்க, பேட்டையாவது பாத்தாப் போதும்.

சரி, உங்க கராஜ்காரர் சொன்ன மூனுக்கும் வாறேன்.

தகடு. வீலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல வட்டமா ஒன்ன வெட்டி மாட்டுவாங்க, தூசி ரிம்முக்கு வராது, உண்மைதான். ஆனா காத்தும் போகாது. டிஸ்க் காத்துல தான் ஆறணும், அத அடைச்சுட்டு கினிகத்தேனைய எறங்குனா சூடு பேட்ட அழுத்திப் பிடிக்கிற காலிப்பருக்கு ஏறி, அங்கருந்து பிரேக் ஒயிலுக்குப் போகும். பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கிற சாமான், டாட் 3 ஒயில் புதுசா இருக்கப்ப குறைஞ்சது 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிப் பழசானா 140 டிகிரியிலயே கொதிக்கலாம், கொதிச்சா உள்ள ஆவியாகி பெடல் பஞ்சாட்டம் அடிவரைக்கும் எறங்கிடும். ரிம் பளபளப்புக்காக இந்த வெளையாட்டு தேவையா? கம்பெனியே டிஸ்க்குக்கு உள்பக்கமா ஒரு தகடு வச்சிருக்கும், அது வேற, அதக் கழட்டவும் விடாதீங்க.

லேத். பிரேக் பிடிக்கிறப்ப ஸ்டீரிங்கோ பெடலோ அதிருதா? இல்லன்னா டிஸ்க்கத் தொடவே வேணாம். சீவுனா மெல்லிசாகும், மெல்லிசானா சீக்கிரம் சூடேறும், தூசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எவ்வளவு மில்லிமீட்டருக்குக் கீழ போகக்கூடாதுன்னு டிஸ்க்லயே அடிச்சிருக்கும், அத அளந்து பாத்துச் சீவுற மெக்கானிக் பாஸ் நம்ம பக்கத்துல எத்தனை பேரு.

செராமிக் பேட். நல்லது தான், பொய் சொல்ல மாட்டேன். தூசி குறையும், வாற தூசியும் வெளுறின நெறம், ரிம்மோட அவ்வளவு ஒட்டாது. ஆனா இப்ப இருக்கிற பேட் இன்னும் தடிப்பா இருக்கப்ப கறுப்புக்காக மட்டும் மாத்தாதீங்க, மூனு மில்லிமீட்டருக்கு வந்த பிறகு மாத்தலாம். மாத்துறப்பத்தான் கவனம் வேணும். 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025ல திறக்கிற வரைக்கும் எல்லாரும் பழைய வண்டியையே உருட்டுனோமா, அந்த நேரம் பார்ட்ஸ் யாவாரத்துல நடுவுல பூந்த ஆளுங்க இன்னும் போகல. கராஜுக்கும் கடைக்கும் நடுவுல ஒருத்தர் இருப்பாரு, "ஒரிஜினல் ஜப்பான் சேர், உங்களுக்காக எடுத்து வச்சேன்"னு பெட்டியக் காட்டுவாரு, பெட்டி ஒரிஜினல் தான், உள்ள இருக்கிற பேட் எந்த ஊருன்னு அவருக்கே தெரியாது. செராமிக்னு வெளிய அச்சடிச்சு உள்ள சாதாரணத்த வச்சுக் குடுக்கிறதும் நடக்குது. நீங்களே செசி நம்பரக் குடுத்து பில் தாற கடையில வாங்குங்க, கராஜுக்குக் கூலி மட்டும் குடுங்க. பெட்டிய உங்க கண்ணு முன்ன பிரிக்கச் சொல்லுங்க. கழட்டுன பழைய பேட் நாலையும் கையில வாங்கிக்கங்க, அதக் கேட்டாலே பாதிப் பேரு மொகம் மாறிடும். ஒரு பக்கம் மட்டும் மாத்துனாப் போதும்னு சொன்னா அந்த எடத்த விட்டுக் கெளம்பிடுங்க.

இனி ஒரு விசயம், இதக் கொஞ்சம் நின்னு வாசிங்க. மேல சொன்ன எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா கறுக்கிற வண்டிக்கு. ஒரு பக்க ரிம் மட்டும் மத்தத விட சீக்கிரம் கறுத்தா கதை வேற, அங்க பேட் விடுபடாம டிஸ்க்க உரசிக்கிட்டே ஓடுது. காலிப்பர் அங்க இங்க நகர்றதுக்கு கம்பி மாதிரி ரெண்டு பின் (pin) இருக்கு, அத மூடி ரப்பர் இருக்கு, அந்த ரப்பர் கிழிஞ்சா நம்ம ரோட்டுச் சேத்துத் தண்ணி உள்ள போய் பின் துருப்பிடிச்சு இறுகிடும், சில நேரம் பிஸ்டனே இறுகும். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, பிரேக் அதிகம் பிடிக்காத ஒரு பத்து நிமிச ஓட்டத்துக்குப் பிறகு நிப்பாட்டி, ரிம்மத் தொடாம உள்ளங்கையப் பக்கத்துல கொண்டு போங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அதுதான். அடுத்து, மேடு பள்ளம் இல்லாத எடத்துல ஜாக் அடிச்சு ரெண்டு முன் வீலையும் ஒவ்வொன்னா கையால சுத்திப் பாருங்க, முன் வீல் ஓட்டம்கிறதால கியர நியூட்ரல்ல வைங்க, ஹேண்ட்பிரேக்க இழுத்து பின் வீலுக்கு கல்லு குடுக்க மறந்துடாதீங்க. ஒன்னு லேசா சுத்தி மத்தது இறுகினா வண்டிய அன்னைக்கே காட்டணும். அந்தப் பின் கம்பி ரெண்டையும் கழட்டித் துடைச்சு அதுக்குரிய பிரேக் கிரீஸ் தடவுனாலே அநேகமா சரியாயிடும், பெரிய செலவு இல்ல, ஆனா கராஜ்ல டப்பாவுல கெடக்கிற சாதாரண கிரீஸ விரலால எடுத்துப் பூச விடாதீங்க, அதுல ரப்பர் ஊதிப் போய் ரெண்டு மாசத்துல மறுபடி இறுகும். தூசிதானேன்னு இத விட்டுட்டு ஒரு பக்கம் இழுக்கிற வண்டியோட மழையில எறங்கக் கூடாது.

கழுவுறது. பாதி ரிம் பாழாப் போறது தூசியால இல்ல, கழுவுறவங்களால. சேர்விஸ் ஸ்டேஷன்ல மஞ்சளாவோ தண்ணி நெறத்துலயோ ஒரு போத்தல்ல இருக்கும், அடிச்ச உடனே ரிம் பளிச்சுனு ஆகும், அது அசிட், மேல் லேக்கரையே திங்கும், அடுத்த தரம் தூசி இன்னும் ஆழமாப் போய் ஒட்டும். கேட்டா "ஸ்பெஷல் லிக்விட்"ங்கிறாங்க. வேணாம்னு வாயத் திறந்து சொல்லுங்க. அதே மாதிரி கடைசியில அடிவயித்துக்கு டீசல், பழைய ஒயில் எல்லாம் கலந்து அடிப்பாங்க, துரு வராதாம், அது டிஸ்க்லயும் பேட்லயும் பட்டா பிரேக் வழுக்கும். அத எந்தக் காலத்துலயோ ஒரு ஆள் ஆரம்பிச்சு வச்சான், இன்னும் நிப்பாட்ட ஒருத்தரும் இல்ல.

வீட்டுல செய்றதுன்னா, வீல் நல்லா ஆறின பிறகு மட்டும். எறக்கத்துல வந்த சூட்டோட ரோட்டோரம் பீலித் தண்ணியப் பிடிச்சு வீலுக்கு ஊத்துறாங்களே, அது டிஸ்க்க கோணலாக்கவோ வெடிக்க வைக்கவோ கூடும். ஆறினதும் தண்ணிய அடிச்சு லூஸ் தூசிய எறக்கி, கார் ஷாம்புவும் மெல்லிய பிரஷ்ஷுமா தேய்ங்க. விம்மு, இரும்பு நாரு, குத்துவெளக்குக்குப் போடுற புளி இதெல்லாம் கிட்டயே கொண்டு வராதீங்க. செம்மஞ்சள் புள்ளி விடலன்னா அயர்ன் ரிமூவர்னு ஸ்ப்ரே கிடைக்கும், அடிச்சா ஊதா நெறமா வழியும், நாத்தம் கூமுட்டை தான், காய விடாம சில நிமிசத்துல கழுவிடணும். பிறகு ரிம் காஞ்சதும் கார் வெக்ஸ் ஒரு கோட் தேச்சு விடுங்க, அடுத்த வாரம் வெறும் தண்ணிக்கே பாதி போயிடும். வாரத்துக்கு ஒரு தரம் கழுவுனா இந்த ஸ்ப்ரேயே அநேகமா தேவப்படாது. கழுவின கையோட வண்டிய எடுத்து மெதுவா ரெண்டு மூனு தரம் பிரேக் மிதிச்சுக் காய வைங்க.

பின் ரிம் பளிச்சுனு இருக்கிறதுக்குப் பயப்பட வேணாம். உங்க வண்டிக்கு பின்னாடி டிஸ்க் இல்ல, ட்ரம், தேயுற தூசி அத்தனையும் மூடின ட்ரம்முக்குள்ளயே தங்கிடும். அடுத்த சேர்விஸ்ல கழட்டி, ட்ரம்முக்குள்ள உரசித் தேயுற லைனரோட தடிப்பப் பாத்துத் துடைக்கச் சொல்லுங்க, ஆனா ஏர் ஹோஸ வச்சு ஊத விடாதீங்க, பழைய லைனர்கள்ல அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. பிரேக் கிளீனர் அடிச்சு ஈரத்தோட துடைக்கணும், ஊதிட்டு இருக்கிற பையனையும் கூப்பிட்டு அதச் சொல்லி வைங்க.