புது பைனாகுலரும் இரவு வானமும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 10×50 பைனாகுலர் வாங்கியிருக்கிறேன். எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் நடுங்குகிறது. 20 மடங்கு மாடலே வாங்கியிருக்கலாமோ?

பதில்: வேண்டவே வேண்டாம். நடுங்குவது கைதான். 10 மடங்கில் கையின் ஆட்டமும் 10 மடங்காகத் தெரியும்; 20 என்றால் கேட்கவே வேண்டாம். 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். வெளிச்சத்தை அள்ளித் தருவது அதுதான், அதனால் வானம் பார்க்க அந்த எண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். தாழ்வாக இருப்பவற்றுக்கு கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினால் போதும். இரு குழாய்களும் சேரும் இடத்தில், முன்பக்கம் சின்ன மூடி இருக்கிறதா பாருங்கள். அதைத் திருகி எடுத்தால் உள்ளே மரை இருக்கும். 'எல்' வடிவ அடாப்டர் மாட்டி ட்ரைபாடில் வைத்துவிடலாம்.

கேள்வி: ஒரு கண்ணுக்குப் புள்ளியாகவும் இன்னொரு கண்ணுக்குக் கலங்கலாகவும் தெரிகிறது.

பதில்: வலது முன் லென்ஸைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குச் சரி செய்யுங்கள். அப்புறம் இடதை மறைத்து, வலது கண் பக்கமுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள், அது உங்கள் கண்ணுக்கான அளவு. இவ்வளவு செய்தும் ஒரே நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்தால் குழாய்கள் இணையாக இல்லை. கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சனியின் வளையம் தெரியுமா?

பதில்: இந்த அளவில் தெரியாது. வியாழனுக்குப் போங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் சின்னப் புள்ளிகளாக நிற்கும். சில நாள் மூன்றுதான் தெரியும், மற்றது பின்னால் போயிருக்கும். தினமும் ஒரு நோட்டில் வரைந்து வாருங்கள். ஒரு வாரத்துக்குள் அவை சுற்றுவது உங்களுக்கே புரிந்துவிடும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். இந்தத் தெருவிளக்கு வெளிச்சத்தில் என்னதான் பார்ப்பது?

பதில்: நிலாவைப் பாருங்கள், ஆனால் பௌர்ணமியில் வேண்டாம், அன்று நிழலே விழாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை ஏழு, எட்டில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் கார்த்திகைக் கூட்டம். வெறும் கண்ணுக்கு ஆறு என்றால், பைனாகுலரில் நீல வெள்ளையாகப் பல பத்து நட்சத்திரங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் நல்ல இருட்டு. நம் ஊரிலிருந்து பார்க்க விசேஷமாக ஏதாவது?

பதில்: ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து! லண்டன்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, நமக்கோ நன்றாகத் தெரியும். மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சியில் இருக்கும். அதிலிருந்து நேர் கீழே இறங்குங்கள். அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில், அதாவது கையை நீட்டி மூன்று முட்டி அளவில், ஊதிவிட்ட பஞ்சுபோல ஓர் உருண்டை. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்த உருண்டைக்குள் பல லட்சம் நட்சத்திரங்கள். நிலா இல்லாத இரவாக இருக்கட்டும். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும், அதுவரை செல்போனை எடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் சூரியனைப் பார்க்கலாமா என்கிறான்.

பதில்: கூடவே கூடாது. லென்ஸ் குவித்து அனுப்பும் வெயிலை அந்தக் கண்ணாடி தாங்காது, கண் நிரந்தரமாகப் போய்விடும். சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை முன் லென்ஸ் இரண்டிலும் மாட்டினால் மட்டுமே பார்க்கலாம். பகலில் பைனாகுலரை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: கடலோர ஊர். லென்ஸில் பூஞ்சை பிடிக்குமா?

பதில்: பிடிக்கும். பனியில் நனைந்திருந்தால் உடனே உறையில் போட்டு மூடாமல், ஃபேன் காற்றில் உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.