சிமுலேட்டரில் வேகமுள் ஆடாமல் ரயில் ஓட்ட: கேள்வி-பதில்

டிரெயின் சிம் வேர்ல்ட் என்ற ரயில் ஓட்டும் விளையாட்டில், லண்டன் பேடிங்டன் – ரெடிங் பாதையில் ஹெச்எஸ்டி என்ற பிரிட்டிஷ் அதிவேக டீசல் ரயிலை ஓட்டுகிறேன். மணிக்கு 125 மைலில் முள் நிற்கவே மாட்டேன் என்கிறது. 120க்கு இறங்குகிறது, திருத்தினால் 128க்குப் போய்விடுகிறது.

பாதை மேல் பழி போட முடியாது. பொறியாளர் புரூனல் அதை ஏறக்குறைய சமதளமாகவே அமைத்துவிட்டுப் போனார். ஹெச்எஸ்டியின் பவர் கைப்பிடியில் இருப்பது 5 நாட்ச்தான், அதாவது 5 படிகள். 125ஐ அப்படியே பிடித்து நிறுத்தும் நாட்ச் அதில் பெரும்பாலும் கிடைக்காது. ஒன்றில் வேகம் மெல்ல ஏறும், அடுத்ததில் மெல்ல இறங்கும். அந்த இரண்டையும் கண்டுபிடித்து, அவற்றுக்குள் மட்டும் மாற்றுங்கள். டீசல் இன்ஜின் உடனே பதில் சொல்லாது. ஒரு நாட்ச் மாற்றியதும் கையை எடுத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் நிலைக்கும்வரை பொறுங்கள். பலரும் அதற்குள் இன்னொரு நாட்ச் தட்டிவிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. இலக்கையும் 125 என்று வைக்காமல் 123 என்று வையுங்கள். இரண்டு மைல் அப்படி இப்படி ஆனாலும் வரம்பைத் தாண்டாது.

ஜெர்மனியின் கொல்ன் – ஆகன் பாதையில் ஐசிஇ 3எம் என்ற அதிவேக மின்சார ரயில். ஏஎஃப்பியை (தானியங்கி வேகக் கட்டுப்பாடு) மணிக்கு 250 கி.மீ.க்கு வைத்தும் வண்டி நகரவில்லை. ஏன்?

ஏஎஃப்பி என்பது வேகத்துக்கான உச்சவரம்பு. எவ்வளவு இழுவை தரலாம் என்பதைப் பவர் லீவர்தான் சொல்கிறது. அது பூஜ்யத்தில் இருந்தால் வண்டி அசையாது. லீவரை முன்னே தள்ளுங்கள், மீதியை ஏஎஃப்பி பார்த்துக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக்கும் அதுவே போடும். 160க்கு மேல் போக எல்இசட்பி (அனுமதித்த வேகத்தைப் பாதையிலிருந்து வண்டிக்குத் தொடர்ந்து அனுப்பும் பாதுகாப்பு அமைப்பு) இயங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கொல்ன் – ஃபிராங்ஃபர்ட் அதிவேகப் பாதையில் ஐசிஇ 3 முழு பவரிலும் 300ஐ விட்டு இறங்குகிறது. ஆட்-ஆனில் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பில்) பிழையா?

பிழை இல்லை. அந்த ஆட்-ஆனை உருவாக்கியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். 2002ல் திறந்த அந்தப் பாதையில் 1,000 மீட்டருக்கு 40 மீட்டர் உயரும் ஏற்றங்கள் உண்டு. வண்டியின் எடை 400 டன்னுக்கு மேல். அந்தச் சரிவில் எடை மட்டுமே ஏறத்தாழ 16 டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். அதை எதிர்த்து 300ல் போக, காற்றுத் தடையைச் சேர்க்காமலே சுமார் 13,000 கிலோவாட் வேண்டும். மோட்டார்கள் தருவது 8,000. மீதியைச் சேர்த்து வைத்த வேகத்திலிருந்துதான் எடுக்க முடியும். அதனால் முள் இறங்கியே தீரும். அப்படியென்றால் ஏற்றம் தொடங்கும் முன்பே அனுமதித்த வேகம் முழுவதும் கையில் இருக்க வேண்டும். அடிவாரத்துக்கு 270ல் வந்துவிட்டு மேலே சரிசெய்யலாம் என்று நினைத்தால் நடக்காது. உச்சி நெருங்கும்போது பவரைக் குறைக்கத் தொடங்குங்கள். மறுபக்க இறக்கம் தானாகவே வேகத்தைத் திருப்பித் தந்துவிடும்.

ஓபன் ரெயில்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ஏற்ற இறக்கத்தை எப்படி முன்கூட்டியே அறிவது?

எஃப்4 அழுத்தினால் வரும் டிராக் மானிட்டரில் சரிவு விகிதமும் அடுத்த வேக வரம்பும் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்தப் பாலம் தாண்டினால் ஏற்றம், எந்த நிலையம் தாண்டினால் இறக்கம் என்று மனப்பாடம் செய்யுங்கள். நிஜ ஓட்டுநர்களும் பாதையைக் கற்றுத் தேர்ந்த பிறகே அதில் தனியாக ஓட்டுகிறார்கள்.

கீபோர்டா, லீவர் கன்ட்ரோலரா?

கீபோர்டு போதும். நாட்ச் உள்ள வண்டிகளுக்கு அதுவே துல்லியம்.