வீட்டு அலமாரிக்கு விலைக்கேற்ற பிராந்தி எது? முதலில் தட்டின் உயரத்தை அளந்து பாருங்கள்

"புது வீட்டில் சின்னதாக ஒரு மது அலமாரி வைக்கிறேன். 300 வெள்ளிக்குள் நல்ல பிராந்தியும் அது மாதிரியான வகைகளும் எவை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டாலரை வெள்ளி என்று எழுதியதால் சிங்கப்பூர்வாசி என்று எடுத்துக்கொள்கிறேன். புது வீடு என்றால் வீவக வீடாகத்தான், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடாகத்தான் இருக்கும். ரெனோவேஷன் கடன் கழுத்தை நெரிக்கும். வீட்டுக்காரம்மாவுக்கு இந்த அலமாரி விஷயத்தில் அரை மனசுதான். மூன்றும் சரியா? என் கதையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் ஒன்று. நான் குடியை வளர்க்க வந்தவன் இல்லை. சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிளாஸ், அவ்வளவுதான். கீழே வந்து குடி குடியைக் கெடுக்கும் என்று எழுதக் கை துடிப்பவர்களுக்கு, அந்த வாசகம் எனக்கும் மனப்பாடம். கேட்டவர் வாங்குவதாக முடிவு செய்துவிட்டார். ஏமாறாமல் வாங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2003-இல் பையன் பிறந்தான். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் சீனர். அவர்கள் கல்யாண விருந்தில் மேசையில் எக்ஸ்ஓ காக்னாக் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காக்னாக் என்பது பிரான்சின் காக்னாக் வட்டாரத்துப் பிராந்தி, எக்ஸ்ஓ என்பது அதில் நெடுநாள் பழக்கிய ரகம். "ஒரு எக்ஸ்ஓ வாங்கி வை, பையன் பெரியவனானதும் இரண்டு பேரும் சேர்ந்து திற" என்றார். எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. இருநூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுத்து ஒரு போத்தல் வாங்கினேன். பையன் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பயிற்சி) முடித்து வரும் அன்று திறப்பதாகத் திட்டம். அது வரைக்கும் உள்ளே கிடந்து முற்றட்டும் என்று நினைத்தேன். புளியும் எலுமிச்சை ஊறுகாயும் பழசானால் ருசி கூடுகிறதே, பிராந்திக்கு மட்டும் கூடாதா?

2011-இல் இப்போதைய வீட்டுக்கு வந்தோம். ஹாலில் கண்ணாடிக் கதவோடு அலமாரி போட நினைத்தேன். அது நேரே சாமி மேடையைப் பார்க்கும் என்று மனைவி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். நியாயம்தான். அதனால் அலமாரி நடைபாதைச் சுவருக்குப் போனது, மேலே மின்சாரப் பெட்டி இருந்ததால் உயரம் குறைந்தது. கான்ட்ராக்டர் தட்டுக்கு 28 செ.மீ. போதும் என்று அடித்துவிட்டுப் போனார். என் போத்தல் 31 செ.மீ. கூப்பிட்டுக் கேட்டால், "ஒயினெல்லாம் படுக்க வச்சுத்தானே சார் வைப்பாங்க, அதுதான் ஸ்டைலு" என்கிறார். நானும் நம்பிப் படுக்க வைத்தேன். பதினான்கு வருஷம்.

இதே மனிதர்தான் குளியலறைத் தரையின் வாட்டத்தைத் தலைகீழாகப் போட்டார். இன்று வரை தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் படுக்கையறை வாசலுக்கு வருகிறது. பாக்கிப் பணத்தைப் பிடித்து வைக்காமல் முழுசாகக் கொடுத்தது என் தப்பு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் நீங்களும் ரெனோவேஷன் நடத்துகிறவர் என்பதால் சொல்லிவைக்கிறேன். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

சரி, போத்தலுக்கு வருகிறேன். போன வருஷம், அதாவது 2025-இல், பையன் தேசிய சேவை முடித்து வந்தான். மாமனாரையும் அழைத்திருந்தோம். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், பிராந்தி என்றால் நாக்கு தெரிந்தவர். போத்தலை எடுத்து நிமிர்த்தினேன். கழுத்து வரைக்கும் இருந்த அளவு தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூடியைத் திருகியபோது பிளாஸ்டிக் தலை மட்டும் கையோடு வந்தது, தக்கை உள்ளேயே நின்றுவிட்டது. சாப்ஸ்டிக்கை விட்டு நெம்பினேன். ஈர பிஸ்கட் மாதிரிப் பொலபொலவென உதிர்ந்து உள்ளே விழுந்தது. தேக்கா சந்தையில் வாங்கி வைத்திருந்த புதுக் காப்பித் துணிப்பையில் ஊற்றி வடித்தோம். இருநூற்றுச் சொச்சம் வெள்ளிச் சரக்கு, காப்பிக்கடைத் துணியில் சொட்டுச் சொட்டாக.

மாமனார் ஒரு வாய் குடித்தார், கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா ஊறவச்ச மரக்கட்டை வாசம் வருதே" என்றார். பையன் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்துவிட்டு மைலோ போட்டுக்கொள்ளப் போய்விட்டான். அந்தக் காசை 2003-இலேயே தங்கத்தில் போட்டிருந்தால் என்று மனைவி ஆரம்பித்தார். நான் எதுவும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பிராந்திக்கு வயது ஏறுவது ஓக் மரப் பீப்பாயில் இருக்கும் வரைக்கும்தான். கண்ணாடிக்குள் போன நாளோடு வயது நின்றுவிடும். காக்னாக் லேபிளில் உள்ள எழுத்துகள் வயதைச் சொல்பவை: விஎஸ் என்றால் கலவையில் உள்ள மிக இளைய சரக்குக்கே இரண்டு வருஷம், விஎஸ்ஓபி என்றால் நான்கு. எக்ஸ்ஓவுக்கு முன்பு ஆறு வருஷம் இருந்தது, 2018-இல் பத்தாக்கினார்கள். அப்போது அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, நம்ம போத்தலும் இந்நேரம் பத்தைத் தாண்டியிருக்கும் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அது வாங்கிய அன்று என்ன வயதோ, இன்றும் அதே வயதுதான். படுக்க வைப்பது ஒயினுக்குச் சரி, தக்கை காயாமல் இருக்கும். பிராந்தி நாற்பது சதவீத ஆல்கஹால், அது தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வெளிச்சமும் சூடும் கூடாது, ஆகையால் அலமாரிக்குள் அலங்கார விளக்கு வேண்டாம்.

இனி உங்கள் 300 வெள்ளி. சிங்கப்பூரில் மதுவரி போத்தல் விலைக்கு இல்லை, ஆல்கஹாலுக்கு. சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 700 மில்லி போத்தலில் நாற்பது சதவீதம் என்றால் 280 மில்லி, ஆக 24 வெள்ளி 64 காசு. நாற்பத்தைந்து வெள்ளிப் போத்தலுக்கும் இதே வரி, நானூறு வெள்ளிப் போத்தலுக்கும் இதே வரி. அதன் மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம். நாற்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கினால் பாதிக்கு மேல் வரிக்கே போய்விடும், உள்ளே இருக்கும் சரக்குக்கு என்ன மிஞ்சும்? அதனால் இங்கே ஆக மலிவானது லாபமே இல்லை. ஆக உயரத்திலோ கண்ணாடிக் குடுவைக்கும் பட்டுத்துணி போட்ட பெட்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். என் கணக்கில் அறுபதிலிருந்து நூற்றிருபது வெள்ளி வரைக்கும்தான் காசுக்குச் சரக்கு.

முதல் போத்தலாக ஸ்பெயினின் டோரஸ் 10. கட்டலோனியாப் பக்கம் செய்வது. ஸ்பெயின்காரர்களுக்கு சொலேரா என்று ஒரு முறை உண்டு. அடிவரிசைப் பழைய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை மேல்வரிசை இளம் சரக்கால் நிரப்பிக்கொண்டே போவார்கள். நம் வீட்டு உறைமோர் மாதிரி, பழசு முழுக்கத் தீர்வதே இல்லை. டோரஸ் அப்படிச் செய்வதுதான். வனிலா வாசம், லேசான இனிப்பு, சோடாவோடும் போகும், சும்மாவும் குடிக்கலாம். இன்னும் இனிப்பாக, உலர்திராட்சை வாசமாக வேண்டுமென்றால் அதே ஸ்பெயினின் ஜெரெஸ் ஊர்ப் பிராந்தியில் சொலேரா கிரான் ரெசெர்வா என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது.

இரண்டாவது, என் இப்போதைய செல்லப்பிள்ளை அர்மன்யாக். அதுவும் பிரான்ஸ்தான், அதுவும் திராட்சை ஒயினிலிருந்துதான், ஆனால் தெற்கே கஸ்கோனியில். காக்னாக்கைச் செம்புப் பானையில் இரண்டு முறை வடிப்பார்கள். அர்மன்யாக்கைப் பெரும்பாலும் நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருக்கும் தொடர்கலத்தில் ஒரே முறை. அதனால் கொஞ்சம் முரட்டு வாசம், உலர்ந்த பிளம்ஸ், புகையிலை மாதிரி. செய்கிறவர்களில் பெரும்பாலோர் சின்னச் சின்னக் குடும்பங்கள், விமான நிலைய விளம்பரப் பலகை கிடையாது. பெரிய காக்னாக் நிறுவனத்து எக்ஸ்ஓ விலையில் பாதிக்கும் கீழே ஒரு நல்ல விஎஸ்ஓபி அர்மன்யாக் வந்துவிடும். ருசி கட்டை என்று மச்சான் சொல்கிறார். அவர் எதையும் கோக்கில் ஊற்றிக் குடிப்பவர், அந்த அபிப்பிராயத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவதாக நீங்கள் "அது மாதிரியான வகைகள்" என்று கேட்டதற்கு, இலங்கைத் தென்னஞ்சாராயம். முகம் சுளிக்காதீர்கள். தென்னம்பாளைக் கள்ளைக் காய்ச்சி, மரத்தொட்டியில் பழக்கியது. பக்கத்து புளோக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் முதன்முதலில் கொடுத்தபோது, சாராயமா என்று தயங்கினேன். இப்போது விருந்தாளிகள் முதலில் கேட்பது அதைத்தான். லேபிளில் நூறு சதவீதம் தென்னை என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலிவானதில் வேறு ஸ்பிரிட் கலந்திருக்கும். இந்த மூன்றும் 300-க்குள் அடங்கும். கொஞ்சம் கடை ஏறி இறங்கினால் மிச்சம்கூட வரும்.

தமிழ்நாட்டுப் பிராந்தியைச் சொல்லவில்லையே என்று யாராவது கிளம்புவார்கள். பிராந்தி குடிக்கும் மாநிலத்திலிருந்து வந்தவன்தான் நானும். எங்கள் அப்பத்தா அரிசிப் பானைக்குப் பின்னால் மருந்துக்கென்று ஒரு குவார்ட்டர் வைத்திருப்பார். குளிர்ஜுரத்துக்கு ஒரு கரண்டி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கரண்டி. (நீங்களும் கொடுங்கள் என்று சொல்லவில்லை, கொடுக்கவே கூடாது.) அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அங்கே பிராந்தி என்று விற்பதில் பெரும்பாலானது கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவில் காய்ச்சிய ஸ்பிரிட்டில் நிறமும் வாசமும் சேர்த்தது. சட்டமே அதை அனுமதிக்கிறது. லேபிளில் எக்ஸ்ஓ என்று போட்டிருந்தாலும் பிரான்சின் பத்து வருஷக் கணக்கு அங்கே செல்லாது. சோடா ஊற்றிக் குடிப்பவருக்கு அது போதும், அலமாரிக்கு வேண்டாம்.

இன்னும் இரண்டே விஷயம். வெளிநாட்டில் 48 மணி நேரமாவது இருந்துவிட்டு, மலேசியா அல்லாத ஊரிலிருந்து திரும்பினால், தீர்வையின்றி ஒரு லிட்டர் ஸ்பிரிட் கொண்டுவரலாம். லிட்டருக்கு முப்பத்தைந்து வெள்ளி வரி மிச்சம். ஆனால் போத்தலைத் திறந்த பிறகு சேமிக்காதீர்கள். நம்ம வெக்கையில் பாதிக்குக் கீழே இறங்கிய போத்தல் சில மாதத்தில் வாசம் போய் வெறும் காரமாகிவிடுகிறது.

தட்டின் உயரம் 36 செ.மீ. என்று எழுதியே கொடுங்கள். முப்பது போதும் சார் என்பார்கள். என் போத்தலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது, பொங்கலுக்கு மாமனார் வரும்போது அவரிடமே கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.