வாசகர் கேள்வி பதில்: சர்ச் தோட்டத்துல ஒரு கல்லு சிலுவை

கேள்வி: என் மக இங்கிலாந்துல ஒரு சின்ன கிராமத்துல குடியிருக்கா. போன மாசம் போயிருந்தப்போ அந்த ஊர் சர்ச் தோட்டத்துல ஒரு கல்லு சிலுவை பார்த்தேன், கீழ 23 பேரு செதுக்கியிருந்துச்சு. ஊரே அறுபது எழுபது வீடுதான். அத்தனை பேரையும் அங்கயேதான் புதைச்சிருக்காங்களா? பூ வைக்கலாமா கூடாதான்னு தெரியாம கும்பிட்டுட்டு வந்துட்டேன். (ஒரு வாசகி)

பதில்: தாராளமா வைங்கம்மா. நீங்க பார்த்தது முதல் உலகப்போர்ல செத்த அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு வச்ச நினைவுச் சின்னம். நவம்பர் மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அந்த ஊர்க்காரங்களே போர்ல செத்தவங்களை நினைச்சு சிவப்பு பாப்பிப் பூ வளையம் வைப்பாங்க. ஆனா அந்த சிலுவைக்குக் கீழ யாரும் இல்ல, அந்தக் கல்லு அங்க நிக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

முதல் உலகப்போர் ஆரம்பிச்ச புதுசுல வசதி இருந்தவங்க சில பேரு செத்துப்போன பிள்ளைய பிரான்ஸ்ல இருந்து ஊருக்குக் கொண்டு வந்தாங்க. 1915 ஏப்ரல்ல முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனோட பேரன் உடம்பு அப்படித்தான் ராஜாவோட அனுமதியில வேல்ஸுக்கு வந்துச்சு. அப்போ செஞ்சிலுவைச் சங்கத்து ஆளா போர்முனையில கல்லறைகளைப் பதிவு பண்ணிட்டு இருந்த ஃபேபியன் வேர்ங்கிறவர், பணக்காரன் பிள்ளை மட்டும் வீட்டுக்கு வருது கூலிக்காரன் பிள்ளை அங்கயே கிடக்குதுன்னா அது நியாயம் இல்லன்னு நின்னாரு, அந்த வருஷமே தடை வந்துடுச்சு. செத்த இடத்துலயே அடக்கம், ஜெனரலா இருந்தாலும் சிப்பாயா இருந்தாலும் ஒரே அளவு கல்லு. 1917ல அவர் முயற்சியில உருவான கல்லறை கமிஷன் இன்னைக்கும் அந்த விதியிலதான் நடக்குது.

நியாயமான விதிதான், நான் மறுக்கல. ஆனா பெத்தவங்க பக்கம் இருந்து யோசிச்சுப் பாருங்க. போர் முடிஞ்ச பிறகும் பிள்ளைய திருப்பிக் கொடுங்கன்னு தாய்மார்கள் கையெழுத்து வாங்கி மனு போட்டாங்க, 1920ல பார்லிமென்ட்ல பெரிய விவாதமே நடந்துச்சு, அப்பவும் விதி மாறல. ஒரு பண்ணைக் கூலிக்காரரோட பொண்டாட்டி பிரான்ஸ் போயி மகன் கல்லறைய பாக்குறதெல்லாம் நடக்குற காரியமா? கல்லறைன்னு ஒண்ணு இருந்தாலாவது பரவால்ல, பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பக்கம் தியெப்வால்ங்கிற ஊர்ல ஒரு பெரிய வளைவு இருக்கு, உடம்பே அடையாளம் தெரியாமப் போன 72,000 பேருக்கு மேல பேரு அதுல மட்டும் இருக்கு. அதனாலதான் ஊர் ஊரா இந்தக் கல்லு வந்துச்சு. தொடுறதுக்கு ஒரு பேரு, விளக்கு வைக்க ஒரு இடம், அந்த அம்மாக்களுக்கு அதுதான் சமாதி.

அதுக்கு கவர்ன்மென்ட் காசு தரல. ஊரே கமிட்டி போட்டு வீடு வீடா வசூல் பண்ணுச்சு. சிலுவையா, ஹாலா, கடிகாரமான்னு சண்டையும் நடந்திருக்கு. சர்ச் தோட்டத்துல வைக்கணும்னா மறைமாவட்டத்துல அனுமதி வாங்கணும், அதோட இங்கிலாந்தோட அதிகாரபூர்வ சபையான அங்கிலிக்கன் சர்ச்சுக்குப் போகாம வேற சபையோட சேப்பலுக்குப் போற குடும்பங்க எங்க பிள்ளை பேரு ஏன் உங்க சர்ச் தோட்டத்துலன்னு கேட்டதும் உண்டு.

கேள்வி: போர் முடிஞ்சது 1918ன்னுதானே படிச்சோம், ஏன் பல கல்லுல 1919? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: 1918 நவம்பர் 11 சண்டை நிறுத்தம் மட்டும்தான் தம்பி. போரை முறையா முடிச்சு வச்ச வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. எந்த வருஷம் போடுறதுன்னு அந்தந்த ஊர் கமிட்டி முடிவு பண்ணுச்சு, அதான் ரெண்டும் இருக்கு.

கேள்வி: நான் பார்த்த சர்ச் தோட்டத்துல ஒரு மூலையில வெள்ளைக் கல்லு ஒண்ணு தனியா இருக்கு, ரெஜிமென்ட் சின்னம் போட்டு. உடம்பைக் கொண்டு வரவே கூடாதுன்னா இது எப்படி? (லண்டன்ல இருந்து ஒரு வாசகர்)

பதில்: நல்ல கேள்வி சார். தடை வெளிநாட்டுல செத்தவங்களுக்கு மட்டும்தான். காயத்தோட கப்பல் ஏறி வந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரியில செத்தவங்க, ட்ரெயினிங்ல செத்தவங்க, 1918 ஃப்ளூல போனவங்க, இவங்களை குடும்பம் கேட்டா சொந்த ஊர்லயே அடக்கம் பண்ணலாம். அந்த மாதிரி கல்லறைங்க பிரிட்டன்ல 12,000 இடத்துக்கு மேல சிதறிக் கிடக்கு. கல்லோட அடிப்பக்கம் உத்துப் பாருங்க, குடும்பம் எழுதின ஒரு வரி இருக்கலாம். 66 எழுத்துக்குள்ள முடிக்கணும், அந்தக் காலத்துல எழுத்துக்கு மூணரை பென்னின்னு கேட்டாங்க, பிறகு விருப்பப்பட்டா கொடுங்கன்னு மாத்திட்டாங்க. நியூசிலாந்து கவர்ன்மென்ட், எல்லாருக்கும் சமமா இருக்கணும்னு அந்த வரியே வேணாம்னு சொல்லிடுச்சு, இது எனக்கு மனசு ஒப்பல. பிள்ளைக்குக் கடைசியா ஒரு வரி எழுதுறதையும் பறிச்சுட்டா எப்படி?

கேள்வி: எங்க ஊர் மெமோரியல்ல பாசி படிஞ்சு பேரே தெரியல. நானே பிரஷ் வச்சு தேய்ச்சு சுத்தம் பண்ணலாமா? (இங்கிலாந்துல குடியேறின வாசகி)

பதில்: வேண்டாம்மா, உங்க நல்ல மனசு புரியுது ஆனா வேண்டாம். கம்பி பிரஷ், பிளீச், பிரஷர் வாஷர் மூணுமே கல்லோட மேல்தோலை உரிச்சுடும். சில கல்லுல எழுத்து ஈயத்துல செஞ்சது, கல்லுல சின்னச் சின்ன ஓட்டை போட்டு ஈயத்தை அடிச்சு இறக்கியிருப்பாங்க, தேய்ச்சா பேந்து வந்துடும், பேரே போயிடும். ஊர் நிர்வாகம் பாக்குற பாரிஷ் கவுன்சில்லயோ, சர்ச்சைப் பாத்துக்குற சர்ச் வார்டன்கிட்டயோ சொல்லுங்க, வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு இதுக்குன்னே இருக்கு, ஆலோசனை கொடுப்பாங்க.

கேள்வி: போருக்குப் போய் செத்த எல்லார் பேரும் கல்லுல இருக்குமா? (ஒரு வாசகர்)

பதில்: இருக்காது. பேரைக் குடும்பம்தான் கொடுக்கணும். காணாமப் போன பிள்ளை என்னைக்காவது வருவான்னு பேரு கொடுக்க மறுத்த வீடு உண்டு, ஊரை விட்டுப் போன குடும்பம் உண்டு. இன்னும் வேதனையானது, பயந்து ஓடினான்னு சொந்த ராணுவமே சுட்டுக் கொன்னவங்க. கென்ட் மாவட்டம் ஷோர்ஹாம் கிராமத்து தாமஸ் ஹைகேட், வயசு 19, 1914 செப்டம்பர் 8ல சுட்டாங்க, அந்தப் போர்ல ஓடிப்போன குத்தத்துக்கு சுடப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய். போர் தொடங்கி அஞ்சு வாரம்தான் ஆகியிருந்துச்சு. 2000ல ஊர் மெமோரியலைப் புதுப்பிச்சப்போ பாரிஷ் கவுன்சில் ஓட்டு போட்டு அவர் பேரு வேண்டாம்னு முடிவு பண்ணுச்சு, ஆனா பின்னால மனசு மாறினா சேர்க்கட்டும்னு ஒரு பேருக்கு இடம் மட்டும் விட்டு வச்சாங்க. 2006ல கவர்ன்மென்ட் சட்டம் போட்டு அப்படி சுடப்பட்ட 306 பேருக்கும் மன்னிப்பு கொடுத்துச்சு, அதுல அவரும் ஒருத்தர்.