உதவி செய்தவர் யார்?

கேள்வி: எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் கொடுத்துவைத்தவர்தானே? சந்தேகம் வந்தால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம், பதிப்பாளர்களும் அறிமுகமாவார்கள். அப்புறமும் 'என் பெயரை யாரும் சொல்வதில்லை' என்று குறைப்பட்டுக்கொள்வது ஏன்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மொழிபெயர்ப்பாளருக்குத்தான் சந்தேகம் வரும், எழுத்தாளர் தீர்த்துவைப்பார் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். வில்லா மியூர் வீட்டுக் கதை வேறு மாதிரி.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் நாவல்களை ஆங்கிலத்துக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் வில்லா, எட்வின் மியூர் தம்பதி. 1930இல் 'கோட்டை', 1937இல் 'விசாரணை'. இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். எட்வின் கவிஞர், விமர்சகர். ஆர்க்னித் தீவுகளில் பிறந்து, 14 வயதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, கிளாஸ்கோவில் குமாஸ்தாவாக இருந்தவர். வில்லாவோ செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்து முதல் வகுப்பில் தேறியவர். 1919இல் எட்வினை மணந்தபோது லண்டனில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் துணை முதல்வர். மாப்பிள்ளை கிறிஸ்தவ மதத்துக்கு ஒவ்வாத புத்தகம் எழுதியவர் என்பதால் அந்த வேலையை விட வேண்டிவந்தது. எழுத்தாளரை மணந்ததில் கிடைத்த முதல் லாபம் அது.

1921இல் பிராக் போனார்கள், பிறகு ஜெர்மனி. எட்வினின் கவிதையை நம்பி அடுப்பெரிய முடியாது. ஆகவே ஜெர்மன் நாவல்களை மொழிபெயர்த்தார்கள். ஃபாய்க்ட்வாங்கரின் 'யூதன் ஸூஸ்' நன்றாக விற்றது. அதன் பிறகு ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று வேலை குவிந்தது. மகன் பிறந்தான், வாடகை வந்தது, கெடு தேதியும் வந்தது. நடுவில் வில்லா சொந்தமாக இரண்டு நாவல்கள் வெளியிட்டார். வீட்டையும் கட்டி மேய்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பும் செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி இன்னொன்றும் எழுதினார். அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. தனியாகச் செய்த சில மொழிபெயர்ப்புகளுக்கு 'ஆக்னஸ் நீல் ஸ்காட்' என்று புனைபெயர் போட்டுக்கொண்டார்.

இப்போது நீங்கள் சொல்லும் குறைப்படுதலுக்கு வருவோம். 1953இல் தன் நாட்குறிப்பில் வில்லா எழுதியது இது: எட்வினைவிட நான் நல்ல மொழிபெயர்ப்பாளர். பெரும்பகுதியை, முக்கியமாகக் காஃப்காவை, செய்தது நான். எட்வின் உதவி செய்தார், அவ்வளவுதான். அவரையே மொழிபெயர்ப்பாளர் என்று எழுதியபோதெல்லாம் கௌரவம் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. ஆண்கள் வைத்ததே சட்டமான சமூகத்தில் உண்மை அடித்துக்கொண்டு போய்விட்டது.

இப்படி ஒரு மனக்குறை இருப்பதற்கே தான் வெட்கப்படுவதாகவும் அங்கேயே எழுதியிருக்கிறார். ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை ஐயா, நாட்குறிப்பில் எழுதினார்!

எட்வினை மட்டும் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. அவர் மனைவியின் பெயரை மறைத்தவர் அல்ல, புத்தகங்களில் இரண்டு பெயரும் இருந்தன. 1958இல் யோஹான் ஹைன்ரிஷ் ஃபோஸ் மொழிபெயர்ப்புப் பரிசையும் இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆனால் இரண்டு பெயரைப் பார்த்த பிறகும் வேலை கவிஞருடையது, மனைவி கூடமாட ஒத்தாசை செய்திருப்பார் என்று படித்தவர்களே எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருத்த எட்வின் வாய் திறக்கவில்லை. அந்த மட்டில் அவர் மீதும் தப்பு இருக்கிறது.

எட்வின் 1959இல் காலமானார். 1968இல் வந்த நினைவுக்குறிப்பில் வில்லா வேறு விதமாகச் சொல்கிறார்: புத்தகத்தை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி செய்வோம், பிறகு ஒருவர் செய்ததை மற்றவர் திருத்துவோம் என்று. எதை நம்புவது? நான் நாட்குறிப்பைத்தான் நம்புவேன். நினைவுக்குறிப்பு 40 ஆண்டு கூட வாழ்ந்த மனிதரைப் பறிகொடுத்தவர் ஊர் படிக்க எழுதியது. அதில் கணக்குத் தீர்க்க அவருக்கு மனம் வரவில்லை.