மூளையை அளக்கும் ஒளியில் கலக்கும் இரைச்சல்: கேள்வி பதில்

செந்நிறக்கீழ் ஒளியைத் தலையின் மேல் ஓரிடத்தில் செலுத்தி, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தள்ளி வெளிவரும் ஒளியை அளந்து, மூளை மேற்பட்டையில் குருதியின் ஒட்சிசன் நிலை எவ்வாறு மாறுகிறது என்று கணிக்கும் முறை பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்த ஒளி உயிருள்ள இழையத்தை ஊடுருவக்கூடியது என்பதை பிரான்ஸ் ஜோப்சிஸ் 1977 இல் காட்டினார். ஒளி ஊடுருவுவதில் இன்று சிக்கல் இல்லை. திரும்பி வரும் ஒளியில் மூளையின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று பிரிப்பதுதான் பெரிய வேலை.

கேள்வி (அறிவியல்நகர், கிளிநொச்சி): அண்ணா, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தரவுகளைப் பகுப்பாய்வு செய்கிறேன். செக்கனுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் சிறிய அலை பெரும்பாலான அலைவரிசைகளில், அதாவது ஒளிமுனையும் உணரியும் சேர்ந்த சோடிகளின் பதிவுகளில், தெரிகிறது. அதை முதலில் அழித்துவிடலாமா?

பதில்: தம்பி, அழிக்கத்தான் வேண்டும், ஆனால் முதல் வேலையாக அல்ல. அது இதயத்துடிப்பு. அது தெரிகிறது என்றால், ஒளிமுனை தோலில் ஒழுங்காகப் பதிந்து, ஒளி இழையத்தின் ஊடாகவே வந்திருக்கிறது என்று பொருள். அது தெரியாத அலைவரிசைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். கருவி பயன்படுத்தும் இரண்டு அலைநீள ஒளிகளிலும் பதிவான துடிப்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று இணைபுக் குணகம் கணித்து, அது 0.75 அல்லது 0.8 இற்குக் கீழே இருந்தால் அந்த அலைவரிசையை விலக்குவது வழக்கம். இந்தச் சோதனை முடிந்த பின்னர் தாழ்மீடிறன்களை (மெதுவான அலைகளை) மட்டும் விடும் வடிகட்டியால் துடிப்பை நீக்கிவிடுங்கள். மூளையின் குருதி எழுச்சி தூண்டல் தொடங்கி 5 அல்லது 6 செக்கன்களின் பின்னரே உச்சத்தை அடையும் மெதுவான மாற்றம் என்பதால், 1 ஹேர்ட்ஸ் துடிப்பை நீக்கும்போது அதற்குச் சேதம் வராது.

கேள்வி (வவுனியா): ஐயா, 5 செக்கன் விரல் தட்டல், 5 செக்கன் ஓய்வு என்று மாறி மாறிப் பதிவு செய்தோம். 0.01 முதல் 0.2 ஹேர்ட்ஸ் வரையான வடிகட்டியைப் போட்டோம். ஆனாலும் சும்மா இருக்கும் நேரத்திலும் அதே வடிவ அலை வருகிறது. வடிகட்டியில் பிழையா?

பதில்: வடிகட்டியில் பிழை இல்லை, பரிசோதனை அமைப்பில்தான் சிக்கல். குருதி அமுக்கம் தானாகவே ஏறத்தாழ 10 செக்கன்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். மேயர் அலை என்று அதைச் சொல்வார்கள். அதன் மீடிறன் ஏறத்தாழ 0.1 ஹேர்ட்ஸ். உங்கள் பரிசோதனையின் ஒரு சுற்றும் 10 செக்கன்கள்தான். ஆகவே இரண்டும் ஒரே மீடிறனில் வந்து அமர்ந்துவிட்டன. தூற்றும்போது பதர் பறப்பது அதன் எடை வேறு என்பதால்தான். விதைநெல்லில் வேறொரு நெல்லினம் கலந்துவிட்டால் எந்தக் காற்றிலும் அதைத் தூற்றிப் பிரிக்க முடியாது. மீடிறன் வடிகட்டியும் அப்படித்தான்: வேறு மீடிறனில் உள்ளதை நீக்கும், ஒரே மீடிறனில் உள்ளதைத் தொடாது. செயலுக்கு 20 செக்கன் கொடுத்து, ஓய்வை ஒவ்வொரு முறையும் சமமாக வைக்காமல் 15 முதல் 25 செக்கன் வரை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அப்போது மேயர் அலையால் செயலோடு ஒத்திசைந்து நிற்க முடியாது; சராசரி எடுக்கும்போது அது மங்கிவிடும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படிச் செய்தால் எஞ்சுவது முழுவதும் மூளைதானா?

பதில்: இல்லை. மிக ஆபத்தான இரைச்சல் இனிமேல்தான் வருகிறது. ஒருவரிடம் கடினமான கணக்கைக் கொடுத்தால் அவருடைய இதயம் வேகமாகத் துடிக்கும், குருதி அமுக்கம் ஏறும், நெற்றித் தோலின் குருதியோட்டமும் மாறும். இவை அனைத்தும் செயலோடு சேர்ந்து தொடங்கிச் செயலோடு சேர்ந்து முடிவதால், எத்தனை முறை சராசரி எடுத்தாலும் மறையாது. மாறாக இன்னும் அழகான வளைகோடாகத் தெரியும். அழகாக இருக்கிறது என்பதற்காகவே பலர் அதை மூளையின் பதில் என்று ஏற்றுவிடுகிறார்கள்.

3 சென்ரிமீற்றர் இடைவெளியில் பயணிக்கும் ஒளி, உள்ளே போகும்போது ஒரு தடவையும் வெளியே வரும்போது ஒரு தடவையும் தலைத்தோலைக் கடக்கிறது. எனவே தோலின் மாற்றம் ஒவ்வோர் அளவீட்டிலும் கட்டாயம் இருக்கும். இதற்கு நான் நம்பும் தீர்வு, ஒளி செலுத்தும் முனையிலிருந்து 8 மில்லிமீற்றர் தூரத்திலேயே இன்னுமோர் உணரியை வைப்பது. வளர்ந்தவர்களின் தலையில் அவ்வளவு குறுகிய தூர ஒளி மூளையைத் தொடாது, தோலை மட்டுமே காணும். அந்தக் குறுந்தூரப் பதிவையும் செயலின் எதிர்பார்ப்பு வளைகோட்டையும் ஒரே பிற்செலவு மாதிரியில் (பதிவில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கும் கணக்கில்) சேர்த்தால், தோலால் விளக்கக்கூடியது தோலின் கணக்கிலும், எஞ்சியது மூளையின் கணக்கிலும் போய்ச் சேரும். இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள்: அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் கணக்கில் எடுக்காத மாதிரி, இல்லாத எழுச்சியையும் இருப்பதாகக் காட்டும். இந்தச் சார்பைக் கணக்கில் எடுக்கும் தன்பிற்செலவுத் திருத்தம் உள்ள முறையையே பயன்படுத்துங்கள்.

கேள்வி (மாங்குளம்): எங்களிடம் குறுந்தூர உணரிகள் இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் குறையுள்ள வழிகள். எல்லா அலைவரிசைகளுக்கும் பொதுவான கூறைத் தலைமைக்கூற்றுப் பகுப்பாய்வால் கண்டு கழிக்கலாம். செயல் மூளையின் பரந்த பகுதியைத் தூண்டினால் மூளையின் பதிலும் அதோடு கழிந்து போகும். ஒட்சிசனேற்றப்பட்ட ஈமோகுளோபினை மட்டும் காட்டாமல், ஒட்சிசனற்ற ஈமோகுளோபினையும் காட்டுங்கள். முன்னையது ஏறப் பின்னையது இறங்குவதே வழமையான மூளைப் பதில். பின்னையதில் தோலின் கலப்பும் ஒப்பீட்டளவில் குறைவு.

கேள்வி (முல்லைத்தீவு, விசேட கல்வி ஆசிரியை): பிள்ளைகள் தலையை ஆட்டாமல் இருக்க மாட்டார்கள். ஆட்டிய பகுதிகளை எல்லாம் வெட்டிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது.

பதில்: ஆசிரியை, வெட்ட வேண்டாம். திருத்துவது வெட்டி எறிவதைவிட நல்லது என்பதை 2014 இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வும் காட்டியது. அந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள் வாய்விட்டுச் சொன்ன விடைகளே அசைவுக்குக் காரணமாக இருந்தன. பதிவைச் சிறு அலைத்துண்டுகளாகப் பிரித்து, வழமைக்கு மீறியவற்றை நீக்கும் வேவ்லெட் முறையே அங்கு மிக நன்றாக வேலை செய்தது. ஊசிமுனை போல் ஏறி உடனே இறங்கும் அசைவுக்கு வேவ்லெட் பொருந்தும். தொப்பி நகர்ந்து அடிமட்டமே மாறிப்போனால், அந்தத் துண்டை மட்டும் வளைகோட்டால் ஒப்பிட்டுக் கழிக்கும் ஸ்பிளைன் முறை கைகொடுக்கும். 2019 இல் வந்த மற்றொரு முறை, அடுத்தடுத்த அளவீடுகளின் வித்தியாசத்தைப் பார்த்து, வழமைக்கு மீறிய பாய்ச்சல்களின் நிறையைக் குறைத்து, மீண்டும் கூட்டி எழுதுகிறது. பயனர் எந்த எல்லையையும் தெரிவு செய்யத் தேவையில்லை என்பதால் தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன். எந்த முறையானாலும் ஈமோகுளோபின் செறிவாக மாற்றுவதற்கு முன்னர், ஒளியடர்த்தி (ஒளி எவ்வளவு குறைந்தது என்ற அளவு) நிலையிலேயே செய்துவிடுங்கள். மீடிறன் வடிகட்டி அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கை மாற்றினால் ஊசிமுனை போன்ற அசைவுகள் மழுங்கிப் பரவிவிடும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): நாங்களே 760, 850 நனோமீற்றர் எல்.ஈ.டி.களைக் கொண்டு ஒரு கருவி செய்தோம். மத்தியானத்தில் அளவீடு பெரிதும் அலைகிறது.

பதில்: தகரக் கூரை, திறந்த யன்னல் என்று நினைக்கிறேன். வெயிலில் செந்நிறக்கீழ் ஒளி நிறைய உண்டு; தொப்பியின் மேல் கறுப்புத் துணி போர்த்தி, எல்.ஈ.டி. அணைந்திருக்கும்போது வரும் அளவை எரியும்போது வரும் அளவிலிருந்து கழியுங்கள். வெக்கையில் தோலின் குருதியோட்டம் கூடும், வியர்வையில் தொப்பியும் வழுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் காலை வேளையைத் தெரிவு செய்வது எந்த மென்பொருளையும்விட உதவும். அடர்ந்த கறுப்புத் தலைமயிர் ஒளியை உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு முனைக்கும் கீழே பொறுமையாக மயிரை விலக்குங்கள்.

கேள்வி (விசுவமடு): ஐயா, எனது அம்மாவின் தலையில் 2009 இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்கிறார்கள். அதற்குப் பதிலாக இந்த ஒளி முறையைப் பயன்படுத்தலாமா?

பதில்: எம்.ஆர்.ஐ.யின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும் என்பதால்தான் மறுக்கிறார்கள். ஒளிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் இது தோலிலிருந்து 2 சென்ரிமீற்றர் வரையான ஆழத்தைத்தான் காணும். கட்டியையோ குருதிக்கசிவையோ படமாகக் காட்டாது. ஆகவே நோய் அறிவதற்கு இது மாற்று ஆகாது, அதற்கு சி.ரி. ஸ்கான் பற்றி அம்மாவைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். ஆய்வு ஒன்றில் அம்மா பங்குபற்றுவதானால், தழும்புத் தோல், எலும்பு நீங்கிய இடம், உலோகம் ஆகியவை ஒளியின் பாதையையே மாற்றிவிடும் என்பதைப் பதிவு செய்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தழும்புள்ள பக்கத்தையும் மற்றப் பக்கத்தையும் அளவால் ஒப்பிட்டு, ஒரு பக்க மூளை குறைவாக இயங்குகிறது என்று எவராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். எந்தத் திருத்தமும் அந்த வித்தியாசத்தை நீக்காது. ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில், செயலுக்கு முன்னும் பின்னும் உள்ள மாற்றத்தை மட்டுமே அங்கு பார்க்கலாம்.