சான்றிதழ் இல்லாத எரிவாயுக் கணப்பு: டிரஸ்டிகள் அகற்றச் சொல்லலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், மிட்ராண்டில் ஒரு டவுன்ஹவுஸ் வளாகத்தில், செக்‌ஷனல் டைட்டில் முறையில் (வீடு நமக்கு, மற்றவை எல்லாருக்கும் பொது) வாங்கிய சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர்; நான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். டர்பனிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருக்கும் மாமியாருக்கு ஆஸ்துமா. கூடத்தில் இருந்த விறகுக் கணப்பின் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாததால், குளிர்காலத்துக்கு முன் அதை எரிவாயுக் கணப்பாக மாற்றினோம். கோயிலில் பழக்கமான ஒருவர் 26,000 ராண்டுக்கு "எல்லாம் சேர்த்து" முடித்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதினார். முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். சான்றிதழ் கேட்டால் இப்போது இன்னும் 4,500 ராண்டு கேட்கிறார். இதற்கிடையே, சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிற்கும் 48 கிலோ சிலிண்டரைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் புகார் செய்ய, ஏழு நாளில் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாங்களே அகற்றி 2,000 ராண்டு அபராதமும் விதிப்போம் என்று வளாகத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். புகார் செய்தவர் வீட்டிலும் எரிவாயு அடுப்பு இருக்கிறது. என்ன செய்வது? – வாசகி, மிட்ராண்ட்

பதில்: சகோதரி, இதைப் படித்து முடிப்பதற்குள் யாரையாவது அனுப்பிச் சிலிண்டரின் வால்வை மூடச் சொல்லுங்கள். டிரஸ்டிகளுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. சான்றிதழ் கைக்கு வரும்வரை அந்தக் கணப்பைப் பற்றவைக்க உங்களுக்கே சட்டப்படி உரிமை இல்லை. 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009இல் வந்த அழுத்தக் கருவி விதிமுறைகளில் 17ஆவது விதி வீட்டு எரிவாயு அமைப்புகளுக்கும் பொருந்தும். புதிதாகப் பொருத்தினாலும், இருப்பதை மாற்றினாலும், வீடு கைமாறினாலும், தகுதி பெற்றவர் சோதித்துக் கொடுத்த இணக்கச் சான்றிதழ் இல்லாமல் அமைப்பைப் பயன்படுத்தக் கூடாது. இந்தக் கடமை பொருத்தியவரோடு முடிந்துவிடுவதில்லை. பயன்படுத்துகிறவர் தலையிலும் விழுகிறது. மீறினால் அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை. ஒரு கணப்புக்காக யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் தீ விபத்து நடந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் எல்லாரும் முதலில் தேடுவது இந்தக் காகிதத்தைத்தான்.

அந்தச் சான்றிதழை யார் கொடுக்கலாம் என்பதில்தான் உங்கள் கோயில் நண்பரின் கதை தெளிவாகும். எஸ்.ஏ.க்யூ.சி.சி. காஸ் என்ற அமைப்பில் பதிவு பெற்ற எரிவாயுப் பணியாளர் மட்டுமே கையெழுத்திட முடியும். அவரிடம் புகைப்படத்தோடு ஓர் அட்டை இருக்கும். அட்டையின் முன்பக்கத்தோடு திருப்தி அடையாதீர்கள், திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில் இருக்கும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்குப் பதிவு பெற்றவர் சிலிண்டர் எரிவாயு வேலைக்குக் கையெழுத்திட முடியாது. அந்த நண்பரிடம் அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பதிவு பெற்றவராக இருந்தால், சான்றிதழ் என்பது வேலையின் ஒரு பகுதி. "எல்லாம் சேர்த்து" என்று விலை சொன்னவர் அதற்குத் தனியாகப் பணம் கேட்க முடியாது. பதிவு பெறாதவராக இருந்தால், அந்த 4,500 ராண்டு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டை எட்டிக்கூடப் பார்க்காத வேறொருவரின் கையெழுத்தை வாங்கத்தான். அப்படிக் கையெழுத்து விற்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சோதனை செய்யாமல் எழுதிய சான்றிதழ் காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர் முன்னால் ஒரு நிமிடம் நிற்காது. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நேர்மையான ஒருவர் வந்து பார்த்தாலும், இப்போதிருக்கும் நிலையில் அவர் கையெழுத்திடமாட்டார் என்றே நினைக்கிறேன். காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சிலிண்டர் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. வீட்டு எரிவாயுவுக்கான தரநெறி எஸ்.ஏ.என்.எஸ். 10087-1. அதன்படி சிலிண்டர் கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது ஒரு மீட்டரும், சாக்கடை வாயிலிருந்து இரண்டு மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும். மின் இணைப்புகளுக்கும் எல்லைச் சுவருக்கும் வேறு தூரங்கள் உண்டு. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில், சாக்கடைக் குழியில், தேங்கி நிற்கும். டவுன்ஹவுஸ்களின் பின்முற்றத்தில் சமையலறைச் சாக்கடையும் ஜன்னலும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால், இரண்டு தூரத்தையுமே அந்த நண்பர் மீறியிருக்க வாய்ப்பு அதிகம்.

புகைபோக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். எரிவாயுவில் புகை இல்லை, அதனால் புகைபோக்கி வேண்டாம் என்று பலர் நினைத்து அடைப்புத் தகட்டை மூடிவிடுகிறார்கள். புகைபோக்கி வழியே வெளியேற்றும் வகைப் பர்னரை வைத்துவிட்டுத் தகட்டை மூடினால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு கூடத்துக்குள்ளேயே தங்கும். விறகுக் கணப்பில் விறகுக்கட்டை வடிவிலான எரிவாயு பர்னரை வைக்கும்போது அந்தத் தகடு மூட முடியாதபடி நிரந்தரமாகத் திறந்து வைக்கப்பட வேண்டும். பல ஆண்டுக் கரியைத் துடைத்தெடுத்திருக்க வேண்டும். தீ அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் கருவியும், அறையிலிருந்தே அணைக்கக் கைக்கெட்டும் வால்வும் வேண்டும். புகைபோக்கி தேவைப்படாத வகையைப் பொருத்தியிருந்தால், வேறொன்றையும் மாமியாரின் மருத்துவரிடம் கேளுங்கள். அதில் எரிவாயு எரிந்து உண்டாகும் ஈரமும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அறையிலேயே கலக்கின்றன. ஆஸ்துமாக்காரருக்கு விறகுப் புகையிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை மூக்கருகில் வைத்த கதையாகிவிடக் கூடாது.

இனி டிரஸ்டிகள். அவர்களுடைய கடிதத்தில் பாதி சரி, பாதி மிரட்டல். நீங்கள் வாங்கியது உங்கள் பகுதியை மட்டும். 1986ஆம் ஆண்டின் செக்‌ஷனல் டைட்டில்ஸ் சட்டப்படி, வெளிச்சுவரின் நடுக்கோடுதான் உங்கள் எல்லை. சுவரின் உட்பாதி உங்களுடையது. வெளிப்பாதியும், கூரைக்கு மேலே நீட்டியிருக்கும் புகைபோக்கியும் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. சிலிண்டரிலிருந்து குழாயை உள்ளே கொண்டுவரச் சுவரில் துளை போட்டிருப்பார்கள். டிரஸ்டிகளின் எழுத்து அனுமதியின்றிப் பொதுச்சொத்தில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது, 2011ஆம் ஆண்டின் செக்‌ஷனல் டைட்டில்ஸ் ஸ்கீம்ஸ் மேனேஜ்மென்ட் சட்டத்தோடு வந்த நடத்தை விதி. பின்முற்றம் உங்கள் தனிப்பயன் பகுதியாகவே இருந்தாலும், அங்கே ஒரு கட்டுமானம் வைக்க அனுமதி வேண்டும். சிலிண்டர்க் கூண்டும் அதில் அடங்கும் என்று அவர்கள் வாதிடலாம். "என் வீடு, என் கணப்பு" என்ற வாதம் இங்கே எடுபடாது.

அவர்கள் பயத்துக்குக் காரணமும் உண்டு. தனி வீட்டில் உரிமையாளர்தான் கட்டடத்தைக் காப்பீடு செய்கிறார். உங்கள் வளாகத்திலோ கட்டடம் முழுவதையும் காப்பீடு செய்யும் கடமை எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த பாடி கார்ப்பரேட்டுடையது. உங்கள் கூடத்தில் தொடங்கும் தீ பக்கத்து நான்கு வீட்டையும் எரித்தால், "சான்றிதழ் இல்லாத எரிவாயு அமைப்பு" என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லும் காரணம் அந்த நான்கு குடும்பத்தையும் பாதிக்கும். நான் டிரஸ்டியாக இருந்தாலும் கடிதம் எழுதியிருப்பேன். இந்தத் தொனியில் அல்ல.

மிரட்டல் எங்கே என்றால், "தாங்களே அகற்றுவோம்" என்பதில். ஒருவர் கையில் அமைதியாக இருக்கும் பொருளை நீதிமன்ற உத்தரவின்றிப் பறித்தால், யார் பக்கம் நியாயம் என்று விசாரிப்பதற்கு முன்பே அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களின் பழைய வழக்கம். டிரஸ்டிகள் உங்கள் முற்றத்துக்குள் வந்து குழாயைக் கழற்றினால் அதே வாரத்தில் நீங்கள் நீதிமன்றம் போகலாம். தீயணைப்பு அதிகாரி தம் சட்ட அதிகாரத்தின்படி ஆபத்தென்று உத்தரவிட்டால் அது வேறு, அதற்குக் கீழ்ப்படியுங்கள். அபராதத்தைப் பொறுத்தவரை, அந்த 2011ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த பொது விதிகளில் அபராதமே கிடையாது. உங்கள் வளாகம் தனியாக ஒரு விதி இயற்றி, வளாகத் தகராறுகளைத் தீர்க்கும் அரசுச் சேவையின் தலைமை ஓம்பட் அதற்கு ஒப்புதல் சான்றிதழ் கொடுத்திருந்தால்தான் அது செல்லும். அந்த விதியின் நகலைக் கேளுங்கள். நகல் வராவிட்டால், அபராதத்துக்கு அடிப்படை என்ன என்று எழுத்தில் கேட்டு மறுத்துவிடுங்கள். வளாகத்துக்குக் கட்டும் மாதாந்திர லெவியை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள்; அதை நிறுத்தினால் நீங்கள்தான் பாக்கிக்காரர்.

பக்கத்து வீட்டாரின் அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விதிகள் எல்லாருக்கும் ஒரேமாதிரி பொருந்த வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வீட்டு உபயோகத்துக்கான எரிவாயுச் சிலிண்டரை நடத்தை விதியே அனுமதிக்கிறது. ஆகவே எரிவாயு என்ற காரணத்துக்காக மட்டும் உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் அவரிடம் சான்றிதழ் இருக்கலாம். இல்லாவிட்டாலும், அவர் தவறு உங்கள் தவறைச் சரியாக்காது. இந்த வாதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே எழுதினால் கடிதம் சண்டையாகிவிடும்.

ஏழு நாள் முடிவதற்குள் டிரஸ்டிகளுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். சிலிண்டர் மூடப்பட்டுவிட்டது, பதிவு பெற்ற பணியாளர் இன்ன தேதியில் சோதிக்க வருகிறார், சிலிண்டரை விதிப்படி இடம் மாற்றுவோம், சுவர்த் துளைக்கும் புதிய இடத்துக்கும் அனுமதி வேண்டுகிறோம், சான்றிதழின் நகலை வளாகக் கோப்புக்குக் கொடுப்போம் என்று எழுதுங்கள். புதிய இடத்தைக் காட்டும் ஓர் எளிய வரைபடத்தையும் சேருங்கள். மாமியாரின் மருத்துவச் சீட்டு இருந்தால் அதையும் வையுங்கள். உருக்கத்துக்காக அல்ல, மறுப்பது நியாயமா என்று பின்னால் யாராவது எடைபோடும்போது உதவும். அதற்குப் பிறகும் மறுத்தால், சி.எஸ்.ஓ.எஸ். என்னும் கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஓம்பட் சேவைக்குப் போகலாம். அனுமதி மறுப்பு நியாயமற்றது என்று முடிவு சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு, வழக்கறிஞர் தேவையில்லை. டிரஸ்டிகளின் ஒரு முடிவையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதானால் 60 நாளுக்குள் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பணம் வாங்கியவர் விஷயத்தில் உங்கள் தயக்கம் புரிகிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கப்போகிறவர்மேல் எப்படி வழக்குப் போடுவது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பழகியவர் என்பதால் ரசீது கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்களின் பழைய நோய். ஆனாலும் உங்கள் கை வலுவாகத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி ஆதாரமாக ஏற்கப்படும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்புச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவுப்படி, குறையுள்ள வேலையைச் சரிசெய்து தரவோ, குறைக்கேற்பப் பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கலாம். இங்கே நீங்கள் இரண்டாவதையே கேளுங்கள். பதிவு பெறாதவரை மறுபடியும் எரிவாயுக் குழாயில் கைவைக்க விடுவது முட்டாள்தனம்.

பதிவு பெற்ற ஒருவரிடம் குறைகளின் பட்டியலும் சரிசெய்யும் செலவும் எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையைக் கேட்டு 14 நாள் அவகாசத்தோடு கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். பணம் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே 20,000 ராண்டு வரை கேட்கலாம். செலவு அதைத் தாண்டினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டும் வழக்குத் தொடரலாம். என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு அங்கே வாதாட அனுமதி இல்லை. உங்களுக்கு அது நல்லதுதான். மூன்று ஆண்டுக்குள் தொடர வேண்டும், ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

வீட்டுப் பொருட்களுக்கு நீங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கணப்பை மாற்றியதைத் தெரிவித்துவிடுங்கள். வீட்டை விற்கும் நாளில் புதிய சான்றிதழ் மறுபடியும் தேவைப்படும். இப்போது வாங்குவது அப்போதைக்கு உதவாது.

சான்றிதழ் வரும்வரை பழைய கணப்பில் விறகை எரிக்கலாமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கூடவே கூடாது, உள்ளே எரிவாயுக் குழாய் இருக்கிறது. இந்தக் குளிருக்கு மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளியுங்கள். புதிய பணியாளர் வந்து பழைய வேலையைப் பிரிப்பதற்கு முன், சிலிண்டர் நிற்கும் இடம், சுவர்த் துளை, பர்னர், அதன் பெயர்ப்பலகை எண், புகைபோக்கித் தகடு எல்லாவற்றையும் அளவுநாடாவோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு எடுக்கும் படம் எந்த நீதிமன்றத்திலும் பயன்படாது.